பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கணினியின் திரையில் தெரிவதையெல்லாம் இழுத்து ஒரு பென் டிரைவில் போட்டுப் புதிய கணினியில் செருகினால் வேலை முடிந்துவிடும் என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலான தொல்லைகள் தொடங்குகின்றன. திரையில் இருக்கும் சின்னங்களில் பல வெறும் ஷார்ட்கட்கள். வேறோர் இடத்தில் இருக்கும் மென்பொருளைச் சுட்டுகிற, சில கிலோபைட் அளவே உள்ள சிறு கோப்புகள். முகவரிச் சீட்டை மட்டும் எடுத்து வந்துவிட்டு, வீடு ஏன் கூடவே வரவில்லை என்று கேட்பதைப் போன்றது இது.

இதைப் புரிந்துகொண்டவர்கள் செய்யும் அடுத்த தவறு, ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையை முழுவதுமாக நகலெடுப்பது. விண்டோஸில் ஒரு மென்பொருளை நிறுவும்போது அதன் பாகங்கள் ஒரே இடத்தில் உட்காருவதில்லை. அமைப்புகள் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியிலும், பொதுத் தரவுகள் ‘புரோகிராம் டேட்டா’விலும், பயனருக்கு உரியவை ‘ஆப் டேட்டா’விலும், பின்னணியில் இயங்கும் சேவைகள் இயங்குதளத்தின் பட்டியலிலும் சிதறிக் கிடக்கும். கோப்புறையை மட்டும் கொண்டுவந்தால் மென்பொருள் திறக்காது. அதைவிட மோசம், பாதி திறந்து பிறகு மக்கர் செய்வது. நிறுவாமலே இயங்கும் ‘போர்ட்டபிள்’ வகை மென்பொருள்கள் மட்டுமே இதற்கு விலக்கு. மற்றவற்றைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிதாக இறக்கி நிறுவுவதே சரி. என்னென்ன நிறுவியிருந்தோம் என்பது பழைய கணினி கையில் இருக்கும்போதே நினைவுக்கு வராது என்பதால், அமைப்புகளில் உள்ள மென்பொருள் பட்டியலை முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதே உரிமங்களையும் கவனிப்பது நல்லது. விலை கொடுத்து வாங்கிய மென்பொருள்கள் பலவும் இத்தனை கணினிகளில்தான் இயங்கும் என்று வரம்பு வைத்திருக்கின்றன. பழைய கணினியில் உரிமத்தை விடுவிக்காமல் அதை ஃபார்மட் செய்துவிட்டால், இல்லாத ஒரு கணினி உங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

மறைந்திருக்கும் கோப்புறைகள்தான் அதிக இழப்பைத் தருகின்றன. ‘ஆப் டேட்டா’ என்ற கோப்புறை இயல்பாகக் கண்ணுக்குத் தெரியாது. மின்னஞ்சல் மென்பொருளின் கடிதங்கள், முகவரிப் புத்தகம், வடிகட்டிகள், உலாவியின் புக்மார்க்குகள் என ஆண்டுக்கணக்கில் சேர்ந்தவை அதற்குள்தான் இருக்கும். நான் ஒருமுறை ஆவணங்களையும் படங்களையும் கச்சிதமாக மாற்றிவிட்ட நிறைவில் இருந்து, இரண்டு மாதங்கள் கழித்துப் பழைய கடிதம் ஒன்றைத் தேடியபோதுதான் முழு அஞ்சல் பெட்டியையும் விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. அவுட்லுக் என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு இன்னொரு கண்ணி உண்டு. கடிதங்களைச் சேமித்து வைக்கும் பிஎஸ்டி கோப்பை எடுத்துச் சென்று, அவுட்லுக் உள்ள எந்தக் கணினியிலும் திறக்கலாம். ஓஎஸ்டி கோப்போ அந்தக் கணினியில் அந்தக் கணக்குக்கென உருவான, சர்வரில் உள்ள கடிதங்களின் நகல்; வேறு கணினியில் நேரடியாகத் திறக்காது. அதில் இருப்பவை தேவையென்றால் பழைய கணினியிலேயே பிஎஸ்டியாக ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும்.

உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் அப்படித்தான். விண்டோஸில் குரோம் அவற்றை அந்தப் பயனர் கணக்கோடு பிணைந்த சாவியால் பூட்டி வைத்திருப்பதால், கோப்புறையை நகலெடுத்தாலும் புதிய கணினியில் பூட்டு திறக்காது. ஒத்திசைவு (ஒரே கணக்கின் வழியே இரு கணினிகளையும் ஒன்றுபோல் வைத்திருக்கும் வசதி) மூலம் கொண்டுவரலாம்; அல்லது சிஎஸ்வி என்ற எளிய பட்டியல் கோப்பாக ஏற்றுமதி செய்து புதிய கணினியில் சேர்க்கலாம். அந்தக் கோப்பில் கடவுச்சொற்கள் எல்லாம் எவரும் படிக்கக்கூடிய வெறும் எழுத்தாக இருக்கும் என்பதால், வேலை முடிந்ததும் இரண்டு கணினிகளிலிருந்தும் பென் டிரைவிலிருந்தும் அதை அழித்துவிட வேண்டும்.

ஒன்டிரைவ் போன்ற, கோப்புகளை இணையத்தில் வைக்கும் மேகச் சேமிப்பைப் பயன்படுத்துவோர், கோப்பின் பெயர் தெரிவதாலேயே கோப்பு கணினியில் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. மேகச் சின்னம் இருந்தால் அது வெறும் இடக்குறிப்பு. பச்சை டிக் இருந்தால்தான் கோப்பு வட்டில் இருக்கிறது. மாற்றி முடித்த பிறகு, இடத்தைக் காலி செய்வதாக எண்ணிப் பழைய கணினியில் அந்தக் கோப்புறையை அழிப்பது இன்னும் ஆபத்தானது. ஒத்திசைவு இயங்கிக்கொண்டிருந்தால் புதிய கணினியிலும் அவை மறைந்துவிடும். முதலில் பழைய கணினியில் அந்தக் கணக்கின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் எதையும் அழிக்க வேண்டும்.

தமிழில் எழுதுவோருக்கு என்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பாமினி போன்ற, யூனிகோடுக்கு (இன்று கணினிகள் பொதுவாகப் பயன்படுத்தும் எழுத்துக் குறியீட்டு முறை) முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் புதிய கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் குழம்பித் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென்று பதறுவோர் உண்டு. கெட்டது ஒன்றுமில்லை, எழுத்துரு வரவில்லை, அவ்வளவுதான். ஆகவே பழைய எழுத்துருக் கோப்புகளையும் எடுத்து வர வேண்டும். விண்டோஸ் கோப்புறையில் உள்ள ‘ஃபான்ட்ஸ்’ உறையில் மட்டும் தேடினால் போதாது; விண்டோஸ் 10-இன் பிற்காலப் பதிப்புகளிலிருந்து, ஒரு பயனர் தனக்கென நிறுவிய எழுத்துருக்கள் முன்சொன்ன ‘ஆப் டேட்டா’வுக்குள் போய் உட்காருகின்றன. முக்கியமான பழைய ஆவணங்களை இந்தச் சாக்கிலேயே யூனிகோடுக்கு மாற்றிவிடுவது என் பரிந்துரை.

நகலெடுக்கும் வேலையில் ‘கட்’ கட்டளையைத் தொடவே கூடாது, எப்போதும் ‘காப்பி’தான். எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பு முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் 4 ஜிபியைத் தொடும் ஒற்றைக் கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் முறையில் அந்தத் தடை இல்லை. மின்னஞ்சல், கணக்கு மென்பொருள்களைத் திறந்து வைத்தபடியே அவற்றின் தரவுகளை நகலெடுத்தால் நகல் அரைகுறையாக அமையலாம் என்பதால், மூடிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். முடிந்ததும் இரு பக்கமும் ‘பிராப்பர்ட்டீஸ்’ பார்த்துக் கோப்புகளின் எண்ணிக்கையையும் பைட் அளவையும் ஒப்பிடுங்கள். ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்ற எண் வட்டுக்கு வட்டு மாறும்; அது வேறுபட்டால் கவலை வேண்டாம். நகலெடுத்த கோப்புகளில் உருவாக்கிய தேதி புதிதாக மாறியிருக்கும், திருத்திய தேதி பழையபடியே இருக்கும். படங்களை வரிசைப்படுத்தும்போது இது குழப்பக்கூடும்.

இவை எல்லாவற்றிலும் திருத்த முடியாத தவறு, அவசரப்பட்டுப் பழைய கணினியை அழித்துவிடுவது. மேலே சொன்ன மற்றவற்றில் பெரும்பாலானவற்றைப் பழைய வட்டு கையில் இருந்தால் சரிசெய்துவிடலாம். குறைந்தது ஒரு மாதம், ஆண்டு இறுதிக் கணக்கு பார்ப்பவர்கள் அது முடியும்வரை, அதைத் தொடாமல் வைத்திருங்கள். பழுதான கணினியின் வட்டைக் கழற்றி இன்னொன்றில் இணைக்க நேர்ந்தால், விண்டோஸின் வட்டுப் பூட்டு வசதியான பிட்லாக்கர் பூட்டியிருக்கும் வட்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பல மடிக்கணினிகளில் இந்தப் பூட்டு உரிமையாளர் அறியாமலே தானாக இயங்கியிருக்கும் என்பதால், கணினி நன்றாக இருக்கும்போதே சாவியை எடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறருக்குக் கொடுக்கும் நாள் வரும்போது விரைவு ஃபார்மட் போதாது. ஹார்ட் டிஸ்க்கில் அப்படி அழித்தவற்றை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ‘ரீசெட்’ வசதியில் எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி, கூடவே வட்டைத் துப்புரவாக்கும் தெரிவையும் இயக்கிவிட்டால், வட்டின் அளவைப் பொறுத்து சில மணி நேரம் பிடிக்கும். அதுவரை மின் இணைப்பை எடுக்காதீர்கள்.