பரதேசி சினகாக்கை நின்று பார்க்க ஒரு வழி

எர்ணாகுளத்தில் குடியிருப்பதால், ஊரிலிருந்து யார் வந்தாலும் மட்டாஞ்சேரியிலுள்ள பரதேசி சினகாக்குக்கு, அதாவது யூதர்களின் தொழுகைக்கூடத்துக்கு, கூட்டிப்போகிற பொறுப்பு என் தலையில்தான் விழும். வருகிறவர்கள் அண்ணாந்து கண்ணாடி விளக்குகளைப் பார்ப்பார்கள், உடனே மசாலாக் கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். அதனால் எங்கே நின்று எதைப் பார்ப்பது என்று நானே ஒரு வரிசை வைத்திருக்கிறேன்.

வெள்ளி, சனியையும் யூதப் பண்டிகை நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். செருப்பை வெளியே விட வேண்டும்.

டிக்கெட் எடுக்கும் முன் மணிக்கூண்டைப் பாருங்கள். டச்சுக்காரர்களுக்கும் கொச்சி ராஜாவுக்கும் வேண்டிய வியாபாரியான எசக்கியேல் ரஹாபி 1760-இல் கட்டியது. முகத்துக்கு முகம் எண்களின் எழுத்து மாறும். ஒட்டினாற்போல ராஜாவின் அரண்மனையும் பழயன்னூர் பகவதி கோயிலும். 1568-இல் சினகாக் எழுந்தது ராஜா கொடுத்த நிலத்தில்தான். 1662-இல் போர்ச்சுகீசியர்கள் இதைச் சேதப்படுத்தினார்கள். டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பிறகு பழுது பார்த்தார்கள்.

அடுத்தது எல்லோரும் தாண்டிப் போய்விடுகிற முன்னறை. இங்கே கட்டாயம் நில்லுங்கள். அடிமைகளாக இருந்து விடுதலையானவர்களின் வாரிசுகளுக்கு ஒரு காலத்தில் இதுதான் எல்லை. உள்ளே பெஞ்சில் உட்கார அனுமதி கிடையாது. ஒரே வேதம், ஒரே தொழுகை, ஆனாலும் வாசலோடு சரி! அவர்களில் ஒருவரான வக்கீல் ஏ. பி. சேலம், சென்னையில் சட்டம் படித்தவர், சத்தியாகிரகம் செய்து அந்த வழக்கத்தை அசைத்தார். பக்கத்திலேயே அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

உள்ளே போனதும் குனியுங்கள். தரை முழுக்கச் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பார்கள். நம்பாதீர்கள், சில படங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. கையால் தீட்டியதால் மரக்கிளை ஓர் ஓட்டில் தடித்திருக்கும், அடுத்ததில் மெலிந்திருக்கும்.

அப்புறம் நடுவிலுள்ள பித்தளைக் கம்பி மேடையருகே நில்லுங்கள். மேற்கே, எருசலேம் திசையில், யூத வேதமான தோராவின் சுருள்களை வைக்கும் செதுக்குமரப் பேழை. இப்போது எதிர்ப்பக்கம் திரும்பி மாடியைப் பாருங்கள். அங்கே இன்னொரு மேடை! இது கேரள சினகாக்குகளுக்கே உரிய அமைப்பு. பண்டிகை நாளில் தோராவை அங்கிருந்துதான் வாசித்துவந்தார்கள். பெண்கள் உட்காரும் பகுதி அதற்கு நேர் பின்னால்.

சேர மன்னன் பாஸ்கர ரவி ஏறக்குறைய 1000-ஆம் ஆண்டில் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமைகள் கொடுத்த செப்பேடு இந்தச் சபையாரிடம்தான் இருந்துவருகிறது. எழுத்து வட்டெழுத்து. பகல்விளக்கு, குடை, காகளம் (எக்காளம்) என்று உரிமைகளின் பெயர்களே நமக்குப் புரியும்.

நேரம் மிச்சமிருந்தால் எர்ணாகுளம் மார்க்கெட் ரோட்டுக்கு வந்து கடவும்பாகம் சினகாக்கைக் கேளுங்கள். முன்னால் செடிகளும் மீன்தொட்டிகளும் விற்கிற கடைதான் கண்ணில் படும். தயங்காமல் உள்ளே போங்கள். அங்கேயும் மாடி மேடை உண்டு, கூட்டம் இருக்காது.