கார் ஸ்பீக்கரைக் கடையில் கேட்டு முடிவு செய்யாதீர்கள்

வேலூரில் ஒரு கடையின் ஏசி அறையில், பலகையில் பொருத்திய ஸ்பீக்கரில் தவில் இசை கேட்டு மயங்கி வாங்கினேன். காரில் மாட்டிப் பள்ளிகொண்டா வரை போனால், தவிலின் இடப்பக்கமான தொப்பியின் கனத்த ஓசையைக் காணோம். வலப்பக்கமான வலந்தலை மட்டும் காதைக் குத்தியது.

குறை ஸ்பீக்கரில் இல்லை. நெடுஞ்சாலையில் டயரின் உறுமல் பாட்டின் கீழ் ஓசையை விழுங்கிவிடுகிறது. கண்ணாடிகளோ மேல் ஓசையைத் திருப்பி அடிக்கின்றன. கதவைப் பிரித்துப் பார்த்தபோது, உள் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை! ஸ்பீக்கரின் பின்பக்க ஓசை அதன் வழியே வந்து முன்பக்க ஓசையை அழித்துக்கொண்டிருந்தது. அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டி அடைத்த பிறகு, அதே ஸ்பீக்கரில் தொப்பி திரும்பி வந்தது. அடைக்கும்போது, கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 'பீக்' வாட்ஸ், அதாவது கணநேரம் மட்டும் தாங்கும் உச்ச அளவு, வெறும் ஜம்பம். தொடர்ந்து தாங்கும் அளவைச் சொல்லும் ஆர்எம்எஸ் வாட்ஸைப் பாருங்கள். அதைவிட முக்கியம் சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் வாட்ஸுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு ஓசை எழுப்பும் என்ற அளவு. அது 3 டெசிபல் கூடினால், அதே ஓசைக்குப் பாதி வாட்ஸ் போதும். காரோடு வரும் ஸ்டீரியோ பெரும்பாலும் சேனலுக்கு 15, 20 வாட்ஸ்தான் தருகிறது. எனவே தனி ஆம்ப்ளிஃபயர் வைக்காதவர்கள் 90 டெசிபலுக்குக் குறையாததைத் தேடலாம்.

மாட்டியதும் கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை கேளுங்கள். கதவுப் பையில் கிடந்த இரண்டு ரூபாய்க் காசின் அதிர்வை, ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதென்று நான் ஒரு வாரம் நம்பியது தனிக்கதை.