சாயங்கால இடி மழை சென்னைக்கு வருமா? கணிப்பது இப்படி

ஜூன் முதல் செப்டம்பர் வரை நம்ம ஊர் இடி மழை பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வரும், அதனால் மெரினா பக்கம் மேகம் தேடாதீர்கள்.

முதலில் மீனம்பாக்கத்தில் அதிகாலை விடும் வானிலை பலூனின் தரவைப் பாருங்கள் (வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் நிலைய எண் 43279). கேப் (CAPE, மேகம் மேலெழக் காற்றில் இருக்கும் ஆற்றலின் அளவு) 2000-ஐத் தாண்டியிருந்தால் மேகம் உயர எழ சக்தி இருக்கிறது, ஆனால் அது மட்டும் போதாது. காற்றழுத்தம் 700, 500 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் உயரங்களில் (தோராயமாக 3, 6 கிலோமீட்டர்) மேற்குக் காற்று இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் வேலூர், திருவண்ணாமலை, சித்தூர் பக்கம் பிற்பகலில் கிளம்பும் மேகத்தை இங்கே தள்ளிக்கொண்டு வருவது அந்தக் காற்றுதான்.

அப்புறம் கடற்காற்று. அது உள்ளே நுழைந்து ஈரத்தைச் சேர்த்து, மேற்குக் காற்றோடு முட்டும் இடத்தில் மேகம் திடீரென்று பொங்கும்.

மதியத்துக்கு மேல் செயலிகளின் மழை சதவீதத்தை விட்டுவிட்டு வானிலைத் துறை ரேடாரைப் பாருங்கள். 50 டிபிஇசட் (மழை மேகத்தின் வலுவைக் காட்டும் ரேடார் அளவு) தாண்டிய சிவப்பு காஞ்சிபுரம் தாண்டியும் கரையவில்லையா? சரி, மாடித் துணியை எடுத்துவிடலாம். மின்னல் எச்சரிக்கைக்கு தாமினி செயலி.