சுத்திகரித்த கழிவுநீரில் மொய்னா வளர்த்து மீன்குஞ்சுக்குத் தீவனமாக்க

வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகும் அதில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிச்சம் இருக்கும். அதில் பாசி வளரும்; பாசியைத் தின்று மொய்னா என்னும் நீர்த்தெள்ளு பெருகும். சாயப்பட்டறை, தோல் பதனிடும் ஆலை நீர் மட்டும் கலக்கவே கூடாது. கன உலோகம் மீன்வரை ஏறிவிடும்.

1000 லிட்டர் தொட்டியில் 40 செ.மீ. ஆழம் போதும். முதலில் குளோரின் போக வேண்டும், சிறிது மிஞ்சினாலும் மொய்னா செத்துவிடும். லிட்டருக்கு 1 மி.கி. குளோரின் இருந்தால் தொட்டி முழுவதற்கும் 7 கிராம் சோடியம் தயோசல்பேட் கரைத்து ஊற்றுங்கள். நீர் இளம்பச்சையானதும் லிட்டருக்கு 25 மொய்னா வீதம் விடுங்கள். வெப்பம் 24 முதல் 31 டிகிரி வரை இருந்தால் 5 முதல் 10 நாளில் அறுவடைக்கு வரும்.

தினமும் மொய்னாவில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். 150 மைக்ரான் (0.15 மி.மீ.) கண்ணுள்ள வலையில் வடித்து, நல்ல நீரில் பலமுறை அலசியே குஞ்சுகளுக்குப் போடுங்கள். வாய் சிறிய குஞ்சென்றால் 500 மைக்ரான் சல்லடையில் சலித்துக் கீழே இறங்கும் குட்டிகளை மட்டும் கொடுக்கலாம்.

பெரும்பாலும் கெடுவது பாசி அடர்ந்த தொட்டிதான். பிற்பகலில் பி.எச். (நீரின் அமில-கார அளவு) 9-ஐத் தாண்டும்போது அம்மோனியா நச்சாக மாறி ஒரே நாளில் எல்லாம் மடியும். மேலே நிழல்வலை கட்டி, பாதி நீரை மாற்றுங்கள். மொய்னா சிவந்தால் ஆக்சிஜன் குறைவு; மெல்லிய காற்றோட்டம் கொடுங்கள், நுண்குமிழிக் கல் வேண்டாம். மொய்னாவின் ஓட்டுக்குள் குமிழி சிக்கினால் மொய்னா மிதந்தே பட்டினியில் சாகும்.