கணினியின் பைதானில் கை வைக்காதீர்கள்

உபுண்டு லினக்ஸ் 22.04-உடன் வருவது பைதான் மொழியின் 3.10 பதிப்பு. எனக்கு ஒரு புராஜெக்டுக்கு 3.12 தேவைப்பட்டது. அதை நிறுவியதோடு விட்டிருக்கலாம். பைதான்3 என்று அடித்தாலே புதியது ஓடட்டும் என்று, அந்தப் பெயர் சுட்டும் பதிப்பையும் கணினி முழுவதற்கும் மாற்றிவிட்டேன். அப்புறம் கட்டளைகளை அடிக்கும் டெர்மினலின் ஐகானை எத்தனை முறை சொடுக்கியும் திறக்கவில்லை. அந்த உபுண்டுவில் டெர்மினலைத் திறந்துவிடும் சின்ன நிரலே பைதானில் எழுதியதுதான். அதற்கு வேண்டிய மாட்யூல்கள் 3.10-க்காக நிறுவப்பட்டவை. கடைசியில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, கறுப்புத் திரையில் உட்கார்ந்து பழையபடி மாற்றினேன்.

கணினியின் பைதான் கணினிக்கு. உபுண்டு 24.04-இல், பைதான் பேக்கேஜ்களை நிறுவும் பிப்பே இதைச் சொல்லி, பொதுவில் நிறுவ மறுத்துவிடும். அதை மீற ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்றொரு ஆப்ஷன் உண்டு. பேரைப் பார்த்துமா அதைப் போடுவது?

புராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் ‘பைதான்3 -எம் வென்வ் .வென்வ்’ என்று அடித்தால், அந்தப் புராஜெக்டுக்கு மட்டுமான பைதான் தனிச்சூழல் தயார். உபுண்டுவில் வென்வ் பேக்கேஜை முதலில் உபுண்டுவின் நிறுவியான ஆப்ட் வழியாகப் போட வேண்டியிருக்கும். வேறு பதிப்பு வேண்டுமா? பல பதிப்புகளை நிறுவித் தரும் பைஎன்வ் அல்லது யூவி போதும்.

பலர் சறுக்குவது இதற்கு அப்புறம்தான். ஃபோல்டரின் பெயரை மாற்றுவார்கள், வேறு இடத்துக்கு நகர்த்துவார்கள். தனிச்சூழலுக்குள் நுழைய ஓட்டும் ஆக்டிவேட் ஸ்கிரிப்டுக்குள் பழைய பாதை முழுதாக எழுதப்பட்டிருக்கும். ஆக்டிவேட் செய்தால் கட்டளை வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் .வென்வ் என்று அழகாகத் தெரியும்; ஆனால் அந்தப் பாதையில் ஒன்றுமில்லாததால் ஓடுவது கணினியின் பைதான். பிழைச் செய்தியே வராது. ‘விச் பைதான்3’ என்று அடித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். பழுது பார்க்காதீர்கள், அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். தேவையான பேக்கேஜ்களின் பட்டியலான ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பு கையில் இருந்தால் சில நிமிட வேலை. நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டில் ஏற்ற வேண்டியதும் அந்தக் கோப்பைத்தான், .வென்வ் ஃபோல்டரை அல்ல.

பிப்பை நேரடியாக அழைக்காமல் ‘பைதான் -எம் பிப்’ என்று அழைப்பது நல்லது. எந்தப் பைதானுக்குள் பேக்கேஜ் போகிறது என்ற சந்தேகமே வராது.

இன்னொன்று, சிரிப்பு வரவழைப்பது. நிரலைத் தானாகச் சோதித்துப் பார்க்கும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் அமைப்புக் கோப்பில் (யாமல்) பதிப்பை மேற்கோள்குறி இல்லாமல் 3.10 என்று எழுதினால், அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொண்டு 3.1 என்று படித்துவிடும். 3.9 வரை ஒழுங்காக ஓடியது ஏன் நின்றது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்போம். ‘3.10’ என்று குறிக்குள் போட்டால் சரி.