பெயின்ட்பால்: முதல்முறை ஆடுபவர்கள் செய்யும் தவறுகள்

சாயம் நிரப்பிய உருண்டைகளால் எதிரணியினரைச் சுட்டு ஆட்டமிழக்கச் செய்யும் விளையாட்டுதான் பெயின்ட்பால். முதல்முறை அதை ஆடுபவருக்குச் சில நிமிடங்களிலேயே ஒரு சோதனை வந்துவிடும். ஓடி வந்து டயர் அடுக்கின் பின்னால் குந்துவார். மூச்சு இரைக்கும். அந்தச் சூட்டில் முகக்கவசக் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து எதிரே எல்லாம் மங்கலாகும். கை தானாகவே கவசத்தின் விளிம்புக்குப் போகும். ஒரு நொடி தூக்கித் துடைத்துவிட்டு மாட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும்.

தூக்கவே கூடாது. பெயின்ட் உருண்டை 17 மில்லிமீட்டர் குறுக்களவும் ஏறத்தாழ 3 கிராம் எடையும் கொண்டது. நொடிக்கு 300 அடி என்பதே பொதுவாக அனுமதிக்கப்படும் உச்ச வேகம். அதாவது மணிக்குச் சுமார் 330 கிலோமீட்டர். தொடையில் பட்டால் சில நாள் கன்றிப்போயிருக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண் தெரியவில்லை என்றால் நடுவரைக் கூப்பிட்டு, கையை உயர்த்தியபடி, கவசத்தோடேயே பாதுகாப்புப் பகுதிக்கு நடந்து வாருங்கள். அந்தச் சுற்று போனால் போகட்டும். இரட்டைக் கண்ணாடி உள்ள கவசத்தை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொண்டால் ஆவி படிவது குறையும். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியோ நீச்சல் கண்ணாடியோ இதற்கு ஈடாகாது.

இதே வகையான தவறு இன்னொன்று. அடிபட்டு வெளியே வந்தவர்கள், ஆட்டம் முடிந்த நிம்மதியில், சுடும் கருவியான மார்க்கரின் குழல் வாயை மூடும் உறையை மாட்ட மறந்துவிடுகிறார்கள். விசையில் விரல் தவறிப் பட்டாலும் உருண்டை பாயும், பக்கத்தில் நிற்பவர் அப்போதுதான் கவசத்தைக் கழற்றியிருப்பார். உறை மாட்டாத மார்க்கர் அருகில் இருக்கும்வரை யாரும் கவசத்தைக் கழற்ற வேண்டாம்.

மார்க்கர் என்றுதான் அந்தக் கருவிக்குப் பெயர். காட்டில் மரங்களுக்கும் பண்ணையில் மாடுகளுக்கும் அடையாளம் இடப் பயன்பட்ட கருவி அது. 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 12 பேர் அதை வைத்து ஆடியதுதான் முதல் ஆட்டம். கொடிகளைச் சேகரித்து அதில் வென்ற ரிச்சி ஒயிட், காட்டையே தொழிலாகக் கொண்டவர். ஒரு உருண்டையைக்கூடச் சுடாமல் வென்றார். புதியவர்களோ நேர்மாறாக, ஒரே மறைவில் ஒட்டிக்கொண்டு, தெரிந்த திசையெல்லாம் சுட்டுத் தீர்க்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய உருண்டைகள் பாதி ஆட்டத்திலேயே காலியாகிவிடும். கூட்டாளி சுட்டு எதிரியைக் குனிய வைக்கும்போது நீங்கள் அடுத்த மறைவுக்கு நகருங்கள். ஆட்டத்தின் சுவையே அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது.

வெயிலுக்குப் பயந்து அரைக்கையும் அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு வர வேண்டாம். தொளதொளப்பான பழைய முழுக்கைச் சட்டை அடியின் வேகத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கீழே விழுந்த உருண்டையை எடுத்து மார்க்கரில் போடவும் வேண்டாம். அதன் ஓடு ஜெலட்டினால் ஆனது. மண் ஈரத்தில் உப்பி, குழலுக்குள்ளேயே உடைந்து, அடுத்து வரும் உருண்டைகளைக் கோணலாகப் பாய வைத்துவிடும்.

பட்ட சாயத்தைச் சட்டையோடு தேய்த்து மறைப்பது அப்பட்டமான ஏமாற்று. ஆனால் உருண்டை உடையாமல் தெறித்துப் போனால், பொதுவான விதிப்படி நீங்கள் ஆட்டமிழக்கவில்லை. முதுகில் பட்டதா, உடைந்ததா என்று தெரியாவிட்டால் நடுவரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.