சலங்கையும் சென்சாரும்: லண்டனுக்கு முதுகலை படிக்க வருபவர்களுக்கு

நடனமோ நாடகமோ கற்றவர், அதோடு டிஜிட்டல் தொழில்நுட்பத்தையும் சேர்த்து முதுகலை படிக்க லண்டன் வருகிறீர்கள். வீடு, வங்கிக் கணக்கு, ஜிபி (குடும்ப மருத்துவர்) பதிவு எல்லாம் மற்ற மாணவர்களுக்கு உள்ளதுதான். வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்கான உள்ளாட்சி வரி) கிடையாது. பல்கலைக்கழகக் கடிதத்தை வாங்கி வையுங்கள். நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு.

வந்து இரண்டு வாரத்தில், லண்டனில் தமிழர்கள் வாழும் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ ஓர் அக்கா கேட்பார்: "பிள்ளை, நீ பரதம் ஆடுவியாம். சனிக்கிழமை ஒரு கலியாண வீடு, பத்து நிமிசம் ஆடித் தருவியோ? காசு தருவினம்." ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மாணவர் விசாவில் அது கூடாது. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த 20 மணிக்குள்ளும் கலைஞராக மேடையேறிச் சம்பாதிக்கக் கூடாது, சுயதொழிலும் கூடாது என்பதை யாரும் சொல்வதில்லை. நாலு பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுத்து ஃபீஸ் வாங்கினால் அதுவும் சுயதொழில்தான். பாடத்தின் பகுதியாக வரும் மேடை வேறு கணக்கு. கோயிலில் காசு வாங்காமல் ஆடுவதானாலும் பல்கலைக்கழக விசா ஆலோசகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். படிப்பு முடிந்து கிராஜுவேட் விசா (படித்தபின் தங்கி வேலை பார்க்கத் தரும் விசா) கிடைத்தால் சுயதொழிலுக்குத் தடை இல்லை. அதுவரை அக்காவிடம் பக்குவமாகச் சொல்லிவையுங்கள். கடையில் பில் போடும் வேலை வந்தால் அவரே கூப்பிடுவார்.

சரி, படிப்பு. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழு 2016இல் ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தைப் போட்டபோது, ஏரியல் என்ற ஆவியாக நடித்தவர் உடல் அசைவை உணரும் சென்சார் உடை அணிந்திருந்தார். அவர் அசைய அசைய, அதே நேரத்தில் ஒரு டிஜிட்டல் உருவமும் மேடையில் அசைந்தது. 2021இல் அவர்களுடைய 'ட்ரீம்' என்ற நேரலை நிகழ்ச்சி போர்ட்ஸ்மத்தில் ஒரு ஸ்டுடியோவில் நடக்க, மக்கள் வீட்டிலிருந்தே பார்த்தார்கள். இந்த மாதிரி ஒன்றைச் சின்ன அளவில் நீங்களே செய்ய வேண்டும், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று எழுதவும் வேண்டும். (அந்தக் கம்பெனி இருக்கும் ஷேக்ஸ்பியர் ஊர் ஸ்ட்ராட்ஃபோர்ட்-அபான்-ஏவன். சாட்லர்ஸ் வெல்ஸ் ஈஸ்ட் நடன அரங்கு இருப்பது கிழக்கு லண்டன் ஸ்ட்ராட்ஃபோர்டில். ரயில் டிக்கெட் எடுக்கும்போது கவனம்.)

உடல் அசைவைக் கேமராவால் பதிந்து கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் மோஷன் கேப்சர் வகுப்புக்கு முதல் நாள் நான் முழு நகையோடு போய் நின்றேன். அந்தக் கேமராக்கள் தேடுவது உடையில் ஒட்டிய, ஒளியைத் திருப்பி அடிக்கும் சின்ன உருண்டைகளை. ஒட்டியாணம் மின்னியதில் திரையில் என் இடுப்பைச் சுற்றி ஏழெட்டு மூட்டு முளைத்துவிட்டது. நகை, ஜரிகை எதுவும் வேண்டாம். முத்திரையையும் பெரிதாக நம்பாதீர்கள். கைக்கு இரண்டு மூன்று உருண்டைதான் ஒட்டினார்கள் என்றால் விரல் சேர்த்த பதாகமும் விரல் பிரித்த கர்த்தரீமுகமும் கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான்.

அடுத்த தொல்லை தாமதம். கால் தட்டும்போதெல்லாம் திரையில் ஒளி வர வேண்டும் என்று வைத்திருந்தேன். காலைத் தட்டி ஆடும் தட்டடவை மூன்றாம் காலத்தில் (மிக வேகத்தில்) போட்டுப் பாருங்கள்: கால் விழுந்து அடுத்த தட்டுக்குத் தூக்கும்போதுதான் திரையில் ஒளி வரும். சென்சார், கம்ப்யூட்டர், ப்ரொஜெக்டர் ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் தாமதிக்கும். அதைக் குறைக்கிறேன் என்று ஒரு மாதம் வீணாக்கினேன். அப்புறம் ஒளியைக் காலிலிருந்து எடுத்து, அபிநயத்தில் மெல்லத் திரும்பும் கையோடு இணைத்தேன். தாமதம் அங்கேயேதான் இருந்தது, யார் கண்ணிலும் படவில்லை.

வரும் முன் விலை உயர்ந்த லேப்டாப் வாங்காதீர்கள். மேடையில் ஒலி, ஒளி, வீடியோவை வரிசையாக ஓட்டும் கியூலேப் மென்பொருள் ஆப்பிள் மேக்கில் மட்டும்தான் ஓடும். அசைவுக்கேற்பக் காட்சி உருவாக்கும் டச்டிசைனர் மென்பொருளுக்கு, வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு இலவசப் பதிப்பு உண்டு. உங்கள் துறை எதை இரவல் தருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அரங்கில் ஒலி, ஒளியை இயக்குபவர்கள் பேசிக்கொள்ளும் ஹெட்செட்டில் இருக்கும்போது 'கோ' என்ற சொல்லைச் சும்மா உச்சரிக்காதீர்கள்; அது அடுத்ததை ஓட்டச் சொல்லும் கட்டளை, யாராவது பட்டனை அழுத்திவிடுவார்கள். ஊரிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கொண்டுவர வேண்டாம். சோதித்து ஸ்டிக்கர் ஒட்டாத எந்த மின்பொருளையும் பெரும்பாலான அரங்குகளில் செருக விடமாட்டார்கள். என்னுடையதை டெக்னீஷியன் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, சிரித்துக்கொண்டே என் பையிலேயே போட்டுவிட்டார்.